25 வயசு வரைக்கும் பொறுக்கணுமா, இப்பவே கிளம்பணுமா? ஒட்டானி எடுத்த மூணு முடிவு

2017 டிசம்பர்ல பேஸ்பால் ஆட்டக்காரர் ஷோஹேய் ஒட்டானி ஜப்பான விட்டு அமெரிக்கா கிளம்பினப்ப வயசு 23. இன்னும் ரெண்டே வருசம் உள்ளூர்லயே ஆடிட்டு 25 ஆனப்புறம் போயிருந்தா 200 மில்லியன் டாலருக்கு மேல கிடைச்சிருக்கும்னு அப்ப பேசாத ஆளே இல்ல, ஆனா மனுசன் கையெழுத்து போட்டது 23 லட்சம் டாலர் போனஸுக்கு, முதல் வருச சம்பளம் 5,45,000 டாலர், அதாவது அங்கத்த பெரிய லீக்கான மேஜர் லீக்ல அதுக்கு கீழ யாருக்கும் குடுக்கவே முடியாதுங்கிற தொகை. என் கூட வேலை பாக்குற ஒரு அண்ணன் இருக்காரு, கிரிக்கெட் தவிர வேற எதையும் திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, இதக் கேட்டுட்டு "பைத்தியமாடா அவன்"னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு. டீக்கடைல நின்னு அவருக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சேன், ரெண்டு டீ ஆறிப்போச்சு, பதில் முடியல. மிச்சத்த இங்க எழுதிடறேன்.

முதல்ல ரூல். ஜப்பான்ல ஒரு டீம்ல சேந்துட்டா, தன் இஷ்டத்துக்கு வெளிநாடு போற உரிமை வர 9 சீசன் ஆகும். அதுக்கு முன்னாடி போகணும்னா டீமே மனசு வெச்சு "இவன வந்து கேளுங்க"ன்னு அமெரிக்க டீம்களுக்கு தெரிவிக்கணும், இதுக்கு பேரு போஸ்டிங். எடுத்துட்டு போற டீம் ஜப்பான் டீமுக்கு ஒரு தொகை கட்டணும். இதுல முடிச்சு எங்க இருக்குன்னா, ஆளுக்கு 25 வயசும் ஆகி 6 வருச அனுபவமும் இருந்தா எவ்வளவு வேணா பேரம் பேசலாம், அது இல்லன்னா அமெரிக்காக்காரன் அவர அமெச்சூர் பையன் கணக்குலதான் வெச்சுப்பான். ஒவ்வொரு டீம்கிட்டயும் வெளிநாட்டு பசங்களுக்குன்னு ஒரு சின்ன உண்டியல் இருக்கும், அதுல மிச்சம் இருக்கறததான் போனஸா குடுக்க முடியும், அப்புறம் ஆறு வருசம் அந்த டீமுக்குத்தான் சொந்தம், அதுலயும் முதல் மூணு வருசம் கிட்டத்தட்ட அடிமாட்டு சம்பளம்.

அந்த உண்டியல்லகூட ஒட்டானி பெருசா இருந்தத எடுக்கல, பாருங்க. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்கிட்ட 35 லட்சம் டாலருக்கு மேல இருந்துச்சு, யாங்கீஸ்கிட்ட 35 லட்சம். இவரு போனது 23 லட்சம் வெச்சிருந்த லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ்க்கு. யாங்கீஸ முதல் ரவுண்டுலயே கழட்டி விட்டாச்சு, நியூயார்க் பத்திரிகைக்காரனுங்க பண்ண புலம்பல் இருக்கே, அது தனிக்கதை.

இப்ப இந்த முடிவ தனியா வெச்சு பாத்தா ஒண்ணும் புரியாது. பக்கத்துல ரெண்டு பேர நிறுத்தணும். ஒருத்தர் யோஷினோபு யமமோட்டோ, இன்னொருத்தர் ரோகி சசாகி, ரெண்டு பேருமே பிட்ச்சர் (பந்து எறியறவங்க), ரெண்டு பேருமே இப்ப ஒட்டானியோட அதே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் டீம்லதான். ஒருத்தர் பொறுத்தாரு, ஒருத்தர் பொறுக்கல.

யமமோட்டோ 178 செண்டிமீட்டர்தான் உயரம், டீமுங்க புதுப் பசங்கள ரவுண்டு ரவுண்டா எடுக்கிற ட்ராஃப்ட்ல நாலாவது ரவுண்டு வரைக்கும் உக்காந்திருந்த ஆளு, 2016ல ஓரிக்ஸ் டீம் எடுத்துச்சு. அங்கயே இருந்து 2021, 2022, 2023னு மூணு வருசம் தொடர்ச்சியா ஜப்பானோட பெரிய பிட்ச்சிங் விருதான சவாமுரா வாங்கி, 25 முடிஞ்ச கையோட கிளம்பினாரு. கிடைச்சது 12 வருசத்துக்கு 325 மில்லியன் டாலர், மேஜர் லீக்ல ஒரு பால் கூட போடறதுக்கு முன்னாடியே! ஓரிக்ஸுக்கு தனியா 50 மில்லியனுக்கு மேல போச்சு. வீட்ல பெரியவங்க சொல்ற மாதிரி, ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுத்தான், வயிறு நிறைய சாப்ட்டான்.

சசாகி வேற மாதிரி. இவாத்தே மாகாணத்துல ரிக்குசென்தகாத்தாங்கிற கடலோர ஊரு, 2011 சுனாமில அப்பாவையும் தாத்தா பாட்டியையும் பறிகுடுத்தப்ப வயசு 9. ஸ்கூல் படிக்கும்போதே 163 கிலோமீட்டர் வேகம். 2022 ஏப்ரல்ல, 20 வயசுல, ஒரு ஆளக்கூட பேஸ் ஏற விடாம பெர்ஃபெக்ட் கேம், அதுல 19 பேர ஸ்ட்ரைக்அவுட், அதாவது அடிக்க விடாமலே அவுட். இவரு 23 வயசுலயே போறேன்னு நின்னாரு, சிபா லோட்டே டீமும் விட்டுருச்சு, 2025 ஜனவரில டாட்ஜர்ஸ்ல 65 லட்சம் டாலர் போனஸ். லோட்டேக்கு என்ன கிடைச்சது தெரியுமா, அந்த போனஸ்ல கால் பங்கு, 16 லட்சம் டாலர் சொச்சம். ஓரிக்ஸுக்கு 50 மில்லியன், இவங்களுக்கு 1.6. வளத்து ஆளாக்கின டீம் இதுக்கு எப்படி ஒத்துக்கிச்சுங்கிறதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம், ஒட்டானி காலத்துலயாவது பழைய ரூல் படி 20 மில்லியன் வந்துச்சு.

சரி, இந்த மூணு பேர வெச்சு எதப் பண்ணலாம்னா, என் கணக்கு இது. பிட்ச்சிங் மட்டும் பண்ற பையன், அங்க போயிதான் கத்துக்கணும்னு ஒண்ணும் இல்லாதவன், அவன் பொறுக்கறதுதான் புத்தி. ஆனா அந்த பொறுமைக்குள்ள ஒரு சூதாட்டம் ஒளிஞ்சிருக்கு, யமமோட்டோ கதைய சொல்றவங்க அத சொல்றதே இல்ல. அந்த ரெண்டு மூணு வருசத்துல கை தாங்கணும். பிட்ச்சரோட முழங்கைல ஒரு சின்ன தசைநார் இருக்கு, அது கிழிஞ்சா டாமி ஜான் சர்ஜரி, ஒரு வருசத்துக்கு மேல பால தொட முடியாது. யமமோட்டோவுக்கு தாங்கிச்சு. ஒட்டானிக்கு என்ன ஆச்சு? அமெரிக்கா போன முதல் சீசன்லயே, 2018லயே, முழங்கை போயிருச்சு, அக்டோபர் 1ஆம் தேதி சர்ஜரி. அதுவே ஜப்பான்ல இருக்கும்போது நடந்திருந்தா 2019 கடைசில கையில தையலோட நிக்கிற ஆளுக்கு 200 மில்லியன் யாரு எண்ணி வெப்பா?

இன்னொன்னும் இருக்கு. இது நானா உக்காந்து போட்ட கணக்கு, தப்பா இருந்தா சண்டைக்கு வராதீங்க. 2019ல பெரிய காண்ட்ராக்ட் போட்டிருந்தா எட்டு வருசமோ பத்து வருசமோ அந்த விலைக்கே கட்டுண்டு கிடந்திருப்பாரு. சீக்கிரம் போனதால ஆறு வருச கெடிகாரம் 2018லயே ஓட ஆரம்பிச்சு 2023 கடைசில, 29 வயசுல, மார்க்கெட்டுக்கு வந்தாரு. அந்த ஆறு வருசத்துல ஏஞ்சல்ஸ்ல போனஸையும் சேத்து வாங்கினது சுமார் 42 மில்லியன், அதுலயே 30 மில்லியன் கடைசி வருசம் மட்டும். அப்புறம் டாட்ஜர்ஸ்ல 700 மில்லியன். இதெல்லாம் 2017லயே கணக்கு போட்டுத்தான் போனாருன்னு நான் சொல்ல மாட்டேன், அது நம்ம பின்னாடி உக்காந்து பேசற பேச்சு. அவரு போன காரணம் வேற, அதுக்கு 2012க்கு போகணும்.

கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு ஒரு விசயம் சொல்லிடறேன், இல்லன்னா ஒட்டானி ஏன் பெரிய விசயம்னே புரியாது. நமக்கு ஆல்ரவுண்டர்ங்கிறது சாதாரணம். பேஸ்பால்ல அப்படி ஒரு ஜாதியே கிடையாது, ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் ஒரு நாள் 90, 100 பால் எறிஞ்சுட்டு நாலஞ்சு நாள் ரெஸ்ட்ல இருப்பான், மத்தவன் தினமும் பேட் புடிப்பான், ரெண்டும் ரெண்டு உலகம். ரெண்டையும் நிஜமா பண்ண பேப் ரூத் காலம் 1918, 1919, அதுவும் யாங்கீஸுக்கு போனதும் பந்து எறியறத கிட்டத்தட்ட நிறுத்திட்டாரு. அப்புறம் நூறு வருசமா அந்த இடம் கிட்டத்தட்ட காலி.

ஒட்டானியும் அதே இவாத்தே மாகாணம்தான், ஓஷூ பக்கம். அப்பா கார் ஃபேக்டரில வேலை, கம்பெனி டீம்ல பேஸ்பால் ஆடினவரு, அம்மா பேட்மிண்டன். ஹனமாகி ஹிகாஷி ஸ்கூல்ல கோச் ஹிரோஷி சசாகி (ரோகி சசாகிக்கு சொந்தம் இல்லீங்க, அந்தப் பக்கம் இந்தப் பேரு ஏராளம்) பசங்கள 81 கட்டம் போட்டு இலக்கு எழுத வெப்பாரு. ஒட்டானி நடுக்கட்டத்துல எழுதினது ட்ராஃப்ட்ல எட்டு டீம் என்ன முதல் ரவுண்டுல கேக்கணும்னு. அந்த எட்ட அடைய என்ன வேணும்னு எழுதினதுல வேகம், கன்ட்ரோல் எல்லாத்தோட "அதிர்ஷ்டம்"னு ஒண்ணு, அதுக்கு என்ன பண்ணணும்னா குப்பை பொறுக்கணும், ரூம சுத்தம் பண்ணணும். இப்பவும் க்ரவுண்டுல கிடக்கிற குப்பைய எடுத்து பாக்கெட்ல போடறாரு, பாத்திருப்பீங்க.

2012 கோடைல 160 கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சாரு, 18 வயசு. அக்டோபர்ல "நான் ஜப்பான் ட்ராஃப்டுக்கு வரல, நேரா அமெரிக்கா போறேன், யாரும் எடுக்காதீங்க"ன்னு அறிவிச்சிட்டாரு. டாட்ஜர்ஸ், ரேஞ்சர்ஸ், ரெட் சாக்ஸ் எல்லாம் அப்பவே வாசல்ல நிக்கிறான். ஆனா நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸ்னு ஒரு டீம் (ஹாம் கூட சண்டை போடற டீம் இல்ல, நிப்பான்-ஹாம்ங்கிறது இறைச்சி கம்பெனி, நானும் முதல்ல தப்பாத்தான் படிச்சேன்), வராதன்னு சொன்னவன வீம்புக்கு முதல் ரவுண்டுல எடுத்துச்சு.

இந்த இடத்துலதான் அசல் ஒப்பீடு. அப்ப அவரு முன்னாடி இருந்த ரெண்டு வழியும் ஒண்ணுக்கொண்ணு சளைச்சது இல்ல.

நேரா போனா, 18 வயசுல அமெரிக்க மைனர் லீக், அதாவது மேஜர் லீக்குக்கு கீழ இருக்கிற லீக். பஸ்ஸுலயே ஊர் ஊரா போகணும், பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்காது, சின்ன சம்பளம், ஆனா மேஜர் லீக் சிஸ்டத்துல சீக்கிரமே ஊறிடலாம், 9 வருசம், போஸ்டிங்னு எந்த கயிறும் இல்ல. உதாரணமும் இருந்துச்சு, ஜூனிச்சி தஸாவா, 2008ல ட்ராஃப்ட தாண்டி ரெட் சாக்ஸ்ல சேந்தவரு, 2013ல அந்த டீம் மேஜர் லீக் ஃபைனலான வேர்ல்ட் சீரிஸ் ஜெயிச்சப்ப முக்கியமான ரிலீவர் (நடுவுல இறங்கி எறியற பிட்ச்சர்). ஆனா அவரு போனதுல கடுப்பான ஜப்பான் லீக், இப்படி தாண்டி போறவன் திரும்பி வந்தா ஸ்கூல் முடிச்சு போனவனுக்கு மூணு வருசம் இங்க இடம் கிடையாதுன்னு ஒரு ரூலே போட்டுச்சு, அவரு பேர வெச்சே கூப்பிட்டாங்க, 2020லதான் எடுத்தாங்க. அதாவது 2012ல ஒட்டானி நேரா போயி தோத்திருந்தா திரும்பி வரவும் வாசல் சாத்தியிருந்திருக்கும்.

ஃபைட்டர்ஸ் என்ன பண்ணுச்சுன்னா, கெஞ்சல, காச காட்டல. 30 பக்கம் போல ஒரு ஃபைல் தயார் பண்ணி ஒட்டானி வீட்டுக்கு கொண்டு போச்சு. அதுல ஜப்பான் புகழ் ஒண்ணும் பாடல, "நீ அமெரிக்கா போகத்தான் போற, அங்க நிலைக்க எந்த வழி நல்லது"ன்னு மட்டும். ஸ்கூல் முடிச்ச கையோட நேரா போன கொரியா பசங்க எத்தன பேரு கரை சேந்தாங்க, உள்ளூர்ல ஆடிட்டு போன ஜப்பான்காரங்க எத்தன பேருன்னு வரிசையா அடுக்கியிருந்தாங்க. அந்த டீம்ல ஆடிட்டு அமெரிக்கா போன பிட்ச்சர் யூ டார்விஷ் போட்டிருந்த 11ஆம் நம்பர் ஜெர்சியையும் தரேன்னாங்க. இதெல்லாம் சரி, ஆனா மீன் மாட்டினது வேற தூண்டில்ல. மேனேஜர் ஹிதேகி குரியாமா சொன்னது, நீ எறியவும் செய், அடிக்கவும் செய், ரெண்டையும் நாங்க பாத்துக்கறோம்.

ஒட்டானியே அப்ப அப்படி கேட்டிருக்கல. அமெரிக்க டீம்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அவரு வேகமா எறியற கை, அவ்வளவுதான். மைனர் லீக்ல 18 வயசு பையன் "நான் பேட்டும் புடிக்கிறேன்"னா எந்த கோச் ஒத்துப்பான்? கோடி குடுத்து வாங்கின கைய பேஸ்ல ஓட விட்டு உடைக்கவா? என் முடிவு இதுதான், மூணு முடிவுல உயிர்நாடி இந்த முதல் முடிவுதான், நேரா போயிருந்தா நல்ல பிட்ச்சர் ஒருத்தர் கிடைச்சிருப்பாரு, ஒட்டானி கிடைச்சிருக்க மாட்டாரு.

ஃபைட்டர்ஸோட ஊரான சப்போரோல ஜப்பான் வழக்கமும் கை குடுத்துச்சு, அங்க ஸ்டார்ட்டர் வாரத்துக்கு ஒரு தடவதான் எறிவான், நடுவுல நாள் கிடைக்கும். பழைய ஆளுங்க எல்லாம் திட்டினாங்க, ரெண்டு தோணில கால் வெக்கிறான், ஒண்ணுலயும் தேற மாட்டான்னு. 2014ல பிட்ச்சரா 11 வெற்றி, பேட் புடிச்சு 10 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), ஜப்பான் லீக்ல ரெண்டுலயும் ஒரே சீசன்ல ரெட்டை இலக்கம் தொட்ட முதல் ஆளு. 2016ல 10 வெற்றி, 22 ஹோம் ரன், 165 கிலோமீட்டர் வேகம், எம்விபி (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது), அங்கத்த ஃபைனலான ஜப்பான் சீரிஸும் ஜெயிச்சாச்சு. இத்தனைக்கும் சம்பளத்த அம்மா பாத்துக்கிட்டாங்க, மாசம் ஆயிரம் டாலர் போல கைச்செலவுக்கு, அதுவும் முழுசா செலவாகாது. அப்படிப்பட்ட ஆள்கிட்ட 2017ல போயி 200 மில்லியன விட்டுட்டியேன்னா என்ன சொல்வாரு.

இதுல சின்னதா ஒரு கிளைக்கதை இருக்கு. கோச் ஹிரோஷி சசாகியோட பையன் ரின்டாரோ, அதே ஸ்கூல்ல 140 ஹோம் ரன் அடிச்சவன், ட்ராஃப்டும் வேணாம், மைனர் லீக்கும் வேணாம்னு ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சேந்துட்டான். படிப்பும் ஆச்சு, இங்கிலீஷும் ஆச்சு, காலேஜ் பேஸ்பாலும் ஆச்சு. 2012ல இந்த மூணாவது கதவு யாரு கண்ணுலயும் படல. பேட்டருக்கு இது நல்ல வழின்னு எனக்கு தோணுது, முழங்கைய காப்பாத்துற கவலை இல்ல பாருங்க.

இப்ப 2017 புரியும். அவரு டீம்கள்கிட்ட கேள்வித்தாள் மாதிரி அனுப்பி, என்ன எப்படி வெச்சுப்பீங்க, உடம்ப எப்படி பாத்துப்பீங்கன்னு பதில் வாங்கினாரு. கடைசி ஏழு டீம்ல டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், பாட்ரேஸ், கப்ஸ் நாலும் நேஷனல் லீக் (மேஜர் லீக்ல ரெண்டு பிரிவு, இது ஒண்ணு, அமெரிக்கன் லீக் இன்னொண்ணு). அப்ப அந்த லீக்ல டிஎச் கிடையாது, டிஎச்ங்கிறது ஃபீல்டிங் பண்ணாம பேட் மட்டும் புடிக்கிற ஆளு, நம்ம ஐபிஎல் இம்பாக்ட் ப்ளேயர் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன். டிஎச் இல்லன்னா பந்து எறியாத நாள்ல இவரு அடிக்கணும்னா ஃபீல்டுல நின்னே ஆகணும். ஏஞ்சல்ஸ் அமெரிக்கன் லீக், அங்க டிஎச் உண்டு. டாட்ஜர்ஸ் 2012லயும் தோத்தான், 2017லயும் தோத்தான்.

ஏஞ்சல்ஸ்ல நடந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். முதல் வருசம் ரூக்கி விருது (சிறந்த புதுமுகம்), அப்புறம் சர்ஜரி, 2020ல பேட்டிங் ஆவரேஜ் வெறும் .190, "நாங்கதான் அப்பவே சொன்னோமே" கோஷ்டி திரும்ப கிளம்புச்சு. 2021ல 46 ஹோம் ரன், 9 வெற்றி, முதல் இட ஓட்டு ஒண்ணு கூட வேற யாருக்கும் போகாம எம்விபி. 2023லயும் அதே மாதிரி. அந்த வருசம் மார்ச்ல வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் ஃபைனல் கடைசி பால்ல, தன் டீம்மேட் மைக் ட்ரௌட்டயே ஸ்ட்ரைக்அவுட் பண்ணி ஜப்பானுக்கு கப் வாங்கிக் குடுத்தாரு, நம்ம ஊர்ல காலைல எட்டு மணி பக்கம், நான் ஆஃபீஸ் போற பஸ்ஸுல ஃபோன புடிச்சுட்டு கத்தினதுல பக்கத்து சீட்டு அம்மா பயந்துட்டாங்க. ஆனா ட்ரௌட்டும் ஒட்டானியும் சேந்து இருந்த ஆறு சீசன்ல ஏஞ்சல்ஸ் ஒரு சீசன் கூட பாதி மேட்ச்சுக்கு மேல ஜெயிக்கல. 2023 ஆகஸ்ட்ல முழங்கை திரும்ப கிழிஞ்சுது.

மூணாவது முடிவு எனக்கு சுலபமானதாத் தெரியுது, அதனால சீக்கிரம் சொல்லிடறேன். ஏஞ்சல்ஸ்லயே இருந்தா சுதந்திரம் உண்டு, ஜெயிக்கிறது சந்தேகம். டொரொன்டோ ப்ளூ ஜேஸ் கடைசி வரைக்கும் போட்டில இருந்துச்சு, அவரு ப்ளேன்ல டொரொன்டோ வந்துட்டு இருக்காருன்னு நியூஸே வந்து ஊரே அந்த ப்ளேன ட்ராக் பண்ணுச்சு, உள்ள இருந்து இறங்கினது யாரோ ஒரு தொழிலதிபரும் அவரு குழந்தைங்களும். ஜயன்ட்ஸும் கிட்டத்தட்ட அதே தொகைக்கு வந்தாங்க. 2022லயே நேஷனல் லீக்லயும் டிஎச் வந்துருச்சு, எறியற ஆளே டிஎச்சாவும் இருக்கலாம், பிட்ச்சிங்ல இருந்து இறங்கினாலும் பேட்டிங்ல தொடரலாம்னு தனி ரூலும் வந்துச்சு, ஒட்டானி ரூல்னே பேரு. ஆக டாட்ஜர்ஸ்ல சேர இருந்த பழைய தடை இல்ல. பத்து வருசம், 700 மில்லியன், அப்போதைய கணக்குல 5,800 கோடி ரூபா பக்கம். அதுல வருசத்துக்கு கையில வாங்கறது வெறும் 20 லட்சம் டாலர், மிச்ச 680 மில்லியன் 2034ல இருந்து 2043 வரைக்கும், வட்டியே இல்லாம.

அந்த அண்ணன் இங்கயும் பைத்தியம்னாரு. வட்டி இல்லாத பணம்னா இன்னைக்கு மதிப்பு குறைவுதான், லீக் கணக்குலயே வருசத்துக்கு 70 மில்லியன் இல்ல, 46 மில்லியன்னுதான் எழுதிக்கிட்டாங்க. விளம்பரத்துல வர்றது தனியா கொட்டுது, அதனால அவருக்கு கஷ்டம் இல்ல. கேட்டது இது, மிச்சப்படுற பணத்துல நல்ல ஆளுங்கள வாங்கு. ரெண்டே வாரத்துல வாங்கினாங்க, அதுதான் யமமோட்டோ. அதாவது பொறுத்தவருக்கு 325 மில்லியன் குடுக்க டாட்ஜர்ஸுக்கு கை தாராளமா இருந்ததுக்கு, பொறுக்காம போனவரு தன் சம்பளத்த தள்ளி வெச்சதும் ஒரு காரணம்!

2024ல பந்தே எறியாம 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் (பிட்ச்சர் அசந்த நேரத்துல அடுத்த பேஸுக்கு ஓடறது), வேர்ல்ட் சீரிஸ். 2025ல திரும்ப எறிஞ்சாரு, மறுபடி வேர்ல்ட் சீரிஸ், எதிர்ல நின்னது அதே டொரொன்டோ, ப்ளேன ட்ராக் பண்ண அதே ஊர்க்காரங்க "நீ எங்களுக்கு வேணாம்"னு ஸ்டேடியத்துல கோஷம் போட்டாங்க, பாவம், ஏழாவது கேம்ல தோத்தாங்க. அந்த சீரிஸ்ல மூணு கேம் ஜெயிச்சுக் குடுத்து விருது வாங்கினது யமமோட்டோ.

சசாகிக்கு அந்த வருசம் மே மாசமே தோள்பட்டை வலி, மாசக்கணக்கா வெளிய உக்காந்துட்டு செப்டம்பர் கடைசில திரும்பி, ப்ளேஆஃப்ல கடைசி இன்னிங்ஸ் பிட்ச்சரா வந்து நின்னாரு. ரெண்டு வருசம் பொறுத்திருக்கலாம்னு நிறைய பேரு சொல்றாங்க, நானும் 2025 மே மாசம் அதத்தான் சொன்னேன். ஆனா அதே வலி சிபாவுல வந்திருந்தா 25 வயசுல அவரு விலை என்னன்னு யோசிச்சா வாய மூடிக்கத் தோணுது. கணக்குப்படி அவரு ஃப்ரீ ஏஜென்ட் ஆகுறது, அதாவது எந்த டீமோடயும் பேரம் பேசலாம்னு ஆகுறது 2030 சீசன் முடிஞ்சு, அப்ப வயசு 29, ஒட்டானி மார்க்கெட்டுக்கு வந்த அதே வயசு. அண்ணன்கிட்ட அதுவரைக்கும் இந்த பேச்ச எடுக்காதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன், டீ காசு மட்டும் அவரே குடுக்கணும்.